பந்தியில் ஒரு பெஞ்சு

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் வீட்டு விலை கட்டுப்படியாகாமல், கிழக்கே மலையைத் தாண்டி மத்தியப் பள்ளத்தாக்கில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இங்கே பக்கத்து வீட்டிலும் பஞ்சாபி, எதிர்வீட்டிலும் பஞ்சாபி. லாரி ஓட்டுகிறார்கள், லாரி கம்பெனி வைத்திருக்கிறார்கள், பாதாம் தோப்பு வைத்திருக்கிறார்கள், பெட்ரோல் பங்க் நடத்துகிறார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை சீக்கியர் கோவிலான குருத்வாராவுக்குப் போவது எங்களுக்குப் பெரிய ஆன்மிக முடிவெல்லாம் இல்லை. யார் வீட்டிலாவது பிள்ளைக்குப் பிறந்தநாள் வரும், யாராவது புது லாரி வாங்கியிருப்பார்கள். “இந்த வார லங்கர் எங்களுடையது, வந்துவிடுங்கள்” என்பார்கள். லங்கர் என்றால் குருத்வாராவில் எல்லோருக்கும் போடும் இலவசப் பந்தி. போவோம். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, அவர்களுடைய வேதநூலான குரு கிரந்த சாகிப் முன் வணங்கி, உள்ளங்கையில் நெய் வழியும் கடா பிரசாதத்தை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கீழே சாப்பாட்டுக் கூடத்தில் நீள விரிப்பில் வரிசையாக உட்கார்ந்துவிடுவோம். யார், எந்த ஊர், என்ன சாதி, எதற்கு வந்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. என் பிள்ளைகளுக்கு அங்கே கிடைக்கும் பாயசம்தான் முக்கியம்.

சென்ற கோடையில் அம்மா வந்திருந்தார். இரண்டு முட்டியும் தேய்ந்தவர். தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். கூடத்துக்குள் நுழைந்ததும் தொண்டு செய்யும் சேவாதார் ஒருவர் அவர் நடையைப் பார்த்தார். “வாருங்கள் மாதாஜி” என்று, சுவரோரம் மேசை பெஞ்சு போட்டிருந்த இடத்துக்குக் கையைப் பிடித்து அழைத்துப்போனார். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பஞ்சாபிப் பாட்டிகள். மொழி ஒன்றும் தெரியாமலேயே அம்மா அவர்களோடு முட்டிவலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ரொட்டி கொண்டுவந்த பையன் தட்டில் போடாமல் அப்படியே நின்றான். அம்மா வலக்கையை மட்டும் நீட்டியபடி இருந்தார். இடக்கையால் சோற்றை வாங்குவதாவது! பக்கத்துப் பாட்டி அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துச் சேர்த்து ஏந்தவைத்தார். ரொட்டி அதில் வந்து விழுந்தது. “பிரசாதம் மாதிரி வாங்கச் சொல்கிறார்கள்” என்று அம்மா அங்கிருந்தே என்னிடம் சத்தமாக அறிவித்தார். அது வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

டீ வைத்திருக்கும் மூலையில் வாக்குவாதம் தொடங்கியது. நீலத் தலைப்பாகை கட்டிய ஓர் இளைஞர், இருபத்தைந்து வயது இருக்கலாம். எதிரே நிர்வாகக் குழுவைச் சேர்ந்த ஒரு பெரியவர். விரல்கள் அம்மா உட்கார்ந்திருந்த பக்கமே நீண்டன. உடனிருந்த நண்பர் எனக்கு மொழிபெயர்த்தார். குருவின் வீட்டில் உயரம், தாழ்வு கிடையாது, மேசைகளை எடுக்கச் சொல்லி எத்தனை தடவை சொல்வது என்கிறார் இளைஞர். என் மாமனாருக்கு இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது, அவரை எங்கே உட்காரவைக்க என்கிறார் பெரியவர். கைகலப்பு ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் கடைசியில் ‘வாஹேகுரு’ சொல்லிப் பிரிந்துவிட்டார்கள். ஆனால் காரில் ஏறியதும் அம்மா கேட்டார்: “ஏன்டா தம்பி, நான் மேலே உட்கார்ந்ததற்காகவா அவர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள்?” இல்லை என்றேன். நம்பவில்லை. ஊருக்குத் திரும்பும் வரை அவர் மறுபடி அந்தப் பக்கம் வரவில்லை. நான்தான் அந்த பெஞ்சைவிட்டு எழுந்திருக்க முடியாமல் இருக்கிறேன்.

அக்பரும் அமர்ந்த தரை

இளைஞரின் கட்சியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. மூன்றாம் குருவான அமர்தாஸ், கோயிந்த்வாலில் தம்மைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பிறகே சந்திப்பு என்று விதித்தார். அக்பர் பாதுஷாவும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் குருவைப் பார்த்தார் என்பது சீக்கியர் வழிவழியாகச் சொல்லும் செய்தி. யார் கையால் சமைத்தது, யார் பக்கத்தில் உட்கார்ந்து தின்பது என்பதுதான் சாதியின் முதல் காவல். அந்தக் காவலை உடைக்க எல்லோரையும் ஒரே மட்டத்தில் உட்காரவைத்தார்கள். இரண்டாம் குருவின் மனைவி மாதா கீவியின் பெயர் குரு கிரந்த சாகிபுக்குள்ளேயே இருக்கிறது. லங்கரில் அவர் பரிமாறிய நெய் மணக்கும் பாயசத்தோடு சேர்த்து அவரைப் பாடியிருக்கிறார்கள். வேதநூலுக்குள் பாயசத்துக்கு இடம் கொடுத்த மதம் சாப்பாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாது.

நாற்காலிக்காக ரத்தம் சிந்திய கதையும் இந்தப் பசிபிக் கரையிலேயே உண்டு. வடக்கே கனடாவின் சர்ரே நகரக் குருத்வாராவில் 1997 ஜனவரியில், லங்கர் கூடத்தில் மேசை நாற்காலி இருக்கலாமா கூடாதா என்ற தகராறு கிர்பான் என்னும் குறுவாளை உருவும் அளவுக்குப் போய்ப் பலர் காயமடைந்தார்கள். மறு ஆண்டு ஏப்ரலில் சீக்கியரின் தலைமைச் சமய பீடமான அமிர்தசரஸின் அகால் தக்த்திலிருந்து ஆணையே வந்துவிட்டது: லங்கர் தரையில்தான். கீழ்ப்படியாத மிதவாதிகள் சிலரைச் சமயத்திலிருந்து விலக்கியும் வைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது நகைப்பாக இருந்தது. மேசை என்பது சாக்குத்தான். நெடுங்காலமாக நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்தவர்களுக்கும், 1984-இன் பொற்கோவில் தாக்குதல், தில்லிப் படுகொலை ஆகியவற்றின் காயத்தோடு வந்துசேர்ந்தவர்களுக்கும் இடையே யார் கையில் சாவி என்ற போட்டி அது. கலிபோர்னியாவில் அவ்வளவு தூரம் போகவில்லை. இங்கே பெரும்பாலான குருத்வாராக்களில் தரையே வழக்கம். முதியவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் சுவரோரம் நாலு பெஞ்சு. அந்த நாலு பெஞ்சுக்குத்தான் இப்போது அவ்வப்போது புகைச்சல்.

ஸ்டாக்டனில் நாற்காலி இருந்தது

எங்கள் வீட்டிலிருந்து வடக்கே அரை மணி நேரத்துக்குள் ஸ்டாக்டன். அமெரிக்காவின் முதல் குருத்வாரா அங்கேதான். தெருவின் பெயரே இப்போது சீக் டெம்பிள் தெரு. 1912-இல் பசிபிக் கோஸ்ட் கால்சா திவான் சொசைட்டி என்ற அமைப்பைத் தொடங்கி அதை எழுப்பியவர்கள், நகருக்கு மேற்கே டெல்டாச் சதுப்பு நிலத்தில் உருளைக்கிழங்கு போட்ட குத்தகை விவசாயிகள். முன்னின்றவர்கள் ஜ்வாலா சிங், வசாகா சிங். ஜ்வாலா சிங்கை ‘உருளைக்கிழங்கு ராஜா’ என்றே அழைத்தார்கள். உருளைக்கிழங்கில் வந்த காசில் அவர் செய்த இன்னொரு காரியம், இந்தியாவிலிருந்து மாணவர்களை வரவழைத்து பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படிக்கவைக்க உதவித்தொகை வைத்தது. குரு கோவிந்த் சிங்கின் பெயரில் வைத்த உதவித்தொகைதான். ஆனால் சீக்கியர் மட்டும் வர வேண்டும் என்று இல்லை.

அடுத்த ஆண்டே கத்தர் கட்சி. ஆங்கிலேயரை ஆயுதம் கொண்டு விரட்டுவதென்று கிளம்பிய அந்தக் கட்சிக்கு சான் பிரான்சிஸ்கோவில் அச்சகம், ஸ்டாக்டனில் சோறும் பணமும். முதல் உலகப் போர் மூண்டதும் ஜ்வாலா சிங் நிலத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறினார். இந்தியாவில் இறங்கியதும் பிடிபட்டு நெடுங்காலம் சிறையில் கிடந்தார். பெர்க்லியில் படிக்க வந்து, படிப்பைவிட்டு ஊர் திரும்பிய கர்த்தார் சிங் சராபாவை 1915-இல் லாகூரில் தூக்கிலிட்டார்கள். வயது பத்தொன்பது.

இங்கே தங்கிவிட்டவர்களின் கதி வேறு மாதிரி. 1913-இல் வந்த சட்டத்தால் குடியுரிமை பெற முடியாதவர்கள் கலிபோர்னியாவில் நிலம் வாங்க முடியாது. 1917-இல் வந்த சட்டத்தால் புதிதாக யாரும் வர முடியாது. மனைவியை அழைத்துக்கொள்ளவும் வழி இல்லை. அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திண்ட், குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 1923-இல் அவர் ‘வெள்ளையர்’ அல்லர் என்று தீர்ப்பாயிற்று. ஆகவே பலர் மெக்சிகோ வம்சாவளிப் பெண்களை மணந்தார்கள். வெவ்வேறு இனத்தார் மணந்துகொள்வதைத் தடுக்கும் சட்டம் அப்போது இருந்தது என்றாலும், பதிவு அலுவலகத்து எழுத்தர் கண்ணுக்கு இருவரும் பழுப்பு நிறம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இவர்கள் மழித்தார்கள், முடி வெட்டினார்கள், கோட்டும் தொப்பியும் போட்டார்கள். ஸ்டாக்டன் குருத்வாராவில் ஒரு காலகட்டத்தில் சபையினர் நாற்காலியில்தான் உட்கார்ந்தார்கள். சீக்கியர் மட்டும் அல்லர், பஞ்சாபி முஸ்லிம்களும் இந்துக்களும் வந்தார்கள். நீண்ட காலத்துக்கு அவர்கள் எல்லோருக்கும் இந்த மாநிலத்தில் அது ஒன்றுதான் வீடு. தெற்கே எல் சென்ட்ரோவில் இரண்டாவது குருத்வாரா அமைந்தது 1948-இல்தான்; அதுவும் ஜப்பானியர்களிடமிருந்து வாங்கிய பௌத்தக் கோவில். அங்கேயும் நாற்காலிதான்.

1920-இல் பெர்க்லிக்கு வந்த தலிப் சிங் சௌந்த், ஸ்டாக்டன் குருத்வாரா நடத்திய மாணவர் விடுதியில் தங்கிக் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பட்டத்தை வைத்துக்கொண்டு அவருக்குக் கிடைத்தது பருத்தி எடுக்கும் கூலிகளுக்கு மேஸ்திரி வேலை. 1946-இல் சட்டம் மாறி ஆண்டுக்கு நூறு இந்தியர் வரலாம், இருப்பவர்கள் குடியுரிமை பெறலாம் என்றான பிறகு, 1956 தேர்தலில் வென்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் போனார். ஓட்டுரிமையுள்ள உறுப்பினராக அங்கே போன முதல் ஆசியர் அவர்தான். தலைப்பாகை இல்லை, தாடி இல்லை. நீல முண்டாசு இளைஞர் அவரை எந்த வரிசையில் உட்காரவைப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

முருங்கைக்கீரைச் சந்தையில் கேட்டது

ஸ்டாக்டனில் சனிக்கிழமை காலை நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் உழவர் சந்தை கூடும். கம்போடியர்களும் மோங் மக்களும் பிலிப்பினோக்களும் கொண்டுவரும் பச்சைக் காய்கறிகளில் நமக்கு வேண்டியது எல்லாம் கிடைக்கும்: பாகல், புடலை, முருங்கைக்கீரைகூட. அம்மாவை அங்கே அழைத்துப்போனால் திரும்பக் கூட்டிவருவது பெரும்பாடு. கடைக்கோடியில் வாதுமைக்கொட்டை விற்கும் ஒரு முதியவர் எனக்குப் பழக்கம். எண்பதை நெருங்குகிறார். வைக்கோல் தொப்பி, பூட்ஸ். பெயர்ப்பலகையில் ஸ்பானிய முதற்பெயர், பின்னால் சிங். அப்பா ஹோஷியார்பூர் பக்கத்துக்காரர். அம்மா மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்துக்காரர். பஞ்சாபியில் அவருக்குத் தெரிந்தது வசவும் சாப்பாட்டுப் பெயர்களும்தான் என்று அவரே சொல்வார்.

அம்மா கேட்ட கேள்வியை அவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் எடை போட்டுக்கொண்டிருந்த கொட்டைகளை அப்படியே வைத்துவிட்டார். எந்தக் குருத்வாரா என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. அவர் சிறுவனாக இருந்தபோது அறுவடை முடிந்ததும் அப்பா குடும்பத்தையே லாரியில் ஏற்றிக்கொண்டு போவாராம். அம்மாக்கள் எல்லோரும் கத்தோலிக்கர்கள். தலையில் லேஸ் துணி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்வார்கள், கிரந்தம் படிப்பது புரியாது, ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருப்பார்கள். பிறகு சமையலறைக்குப் போய்ப் பஞ்சாபிப் பெரியவர்களோடு சேர்ந்து ரொட்டி தட்டுவார்கள். அவர்கள் கைக்கு அது பழகிய வேலை, வீட்டில் தட்டுவதும் கிட்டத்தட்ட அதுதான்.

1965-இல் குடியேற்றச் சட்டம் தளர்ந்த பிறகு ஊரிலிருந்து புதுக் குடும்பங்கள் வந்தன. பிறந்த நாள் முதல் தரையில் உட்கார்ந்து பழகியவர்கள், பஞ்சாபிப் பெண்கள், பாட்டு தெரிந்தவர்கள், முறை தெரிந்தவர்கள். “ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். நாற்காலி ஒன்றும் இல்லை. வெள்ளை விரிப்பு, அழகாகத்தான் இருந்தது. அம்மா முட்டி அளவு பாவாடை போட்டிருந்தாள், அந்தக் காலத்து வழக்கம். ஒருவர் வந்தார், ரொம்ப மரியாதையானவர், அம்மாவுக்குக் கால் மூட ஒரு போர்வை கொண்டுவரட்டுமா என்று கேட்டார். திட்டவே இல்லை. அம்மா நன்றி சொல்லிவிட்டு, லாரியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்பா உள்ளே, அம்மா வெளியே, நான் நடுவில். அதற்குப் பிறகு அப்பா தனியாகத்தான் போனார்.” இவ்வளவுதான் சொன்னார். ஒரு பெண்மணி வந்து விலை கேட்டார். கொட்டையை மறுபடி எடை போட ஆரம்பித்தார்.

அவர் சொன்னதில் எனக்குக் கிடைத்தது அந்தப் போர்வை. விரட்டியடித்திருந்தால் கதை எளிது. போர்வை கொண்டுவந்தவர் நல்லவர். எல்லோரும் சமம் என்பதை உடம்பால் காட்டத்தான் நாற்காலிகளை எடுத்தார்கள். எடுத்த அன்றைக்கு, அதற்கு முன் முப்பது நாற்பது ஆண்டு ரொட்டி தட்டிய ஒருத்தி லாரிக்குப் போய்விட்டாள். யாரும் பொய்யாக நடக்கவில்லை. தரை சமத்துவம்தான். அதே தரை, ‘இது யார் வீடு தெரியுமா’ என்ற கேள்வியும் ஆகிவிட்டது. இரண்டையும் ஒரே விரிப்பு செய்கிறது என்பதைத்தான் நான் அதுவரை யோசித்திருக்கவில்லை.

எந்தப் பக்கம்

நாற்காலிதான் முற்போக்கு, தரை பழைமை என்று முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. நம் பக்கத்துக் கதையே குறுக்கே நிற்கிறது. 1924-இல் வைக்கத்தில் கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தபோது, பஞ்சாபிலிருந்து அகாலிகள் என்னும் சீக்கியத் தொண்டர்கள் வந்து லங்கர் போட்டார்கள். பெரியார் சிறைக்குப் போன அதே போராட்டம். ஈழவரும் புலையரும் நாயரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது அந்த ஊரில் சாதாரணக் காட்சி அல்ல. இது இந்துக்கள் தாங்களே தீர்க்க வேண்டிய விவகாரம் என்று சொல்லி அந்த லங்கரைக் காந்தி ஏற்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அவர்கள் திரும்ப வேண்டியதாயிற்று. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் நம் ஊர்ப் பக்கம் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பையன்களுக்குத் தனிப் பந்தி என்று தமிழ்நாடே இரண்டுபட்டது. நூறு ஆண்டுக்கு முன் தேசபக்தர்களின் பள்ளிக்கூடத்திலேயே செய்ய முடியாததைப் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் பெரிய அண்டாவோடு வந்து செய்துகாட்டினார்கள். தரையில் உட்காருவது வெறும் சம்பிரதாயம் என்று சொல்ல, சேரன்மாதேவியை அறிந்த தமிழனுக்கு வாய் வராது.

ஆனால் தரை மட்டும் போதாது என்பதற்கும் கலிபோர்னியாவிலேயே சாட்சி உண்டு. 1909-இல் பழத்தோட்ட வேலைக்கு இங்கே வந்து கத்தர் கட்சியில் சேர்ந்தவர் மங்கு ராம். தோல் தொழில் செய்த, தீண்டாதோர் என்று ஒதுக்கப்பட்ட சாதி. ஊர் திரும்பியவர் 1926-இல் ஆத் தர்ம இயக்கத்தைத் தொடங்கி, நாங்கள் இந்துவும் அல்ல, சீக்கியரும் அல்ல, முஸ்லிமும் அல்ல, தனிச் சமயம் என்று பதிவு செய்யவைத்தார். அவர் வழியில் வந்தவர்களுக்கு இன்று பிட்ஸ்பர்க், ஃப்ரீமான்ட் போன்ற கலிபோர்னிய நகரங்களில் அதே தோல் தொழில் சாதியில் பிறந்த ஞானியான குரு ரவிதாஸ் பெயரில் தனிக் கோவில்கள் இருக்கின்றன. அங்கும் லங்கர் தரையில்தான். ஒரே தரையில் எல்லோரும் உட்கார்கிற இடத்தை விட்டு, அதே தரை உள்ள இன்னொரு கூடத்தை ஏன் கட்டிக்கொண்டார்கள்? நீல முண்டாசு இளைஞரிடம் வாய்ப்புக் கிடைத்தால் இதைத்தான் கேட்பேன். பெஞ்சுக்கு ஆகும் கோபத்தில் பாதி அதற்கு ஆகியிருக்கலாம்.

இதற்கிடையில் குருத்வாரா தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. சண்டைக்காரர்கள் இருவரையும் போன வாரம் பார்த்தேன். ஒருவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், மற்றவர் பாத்திரம் கழுவும் வரிசையில். ஞாயிறு பஞ்சாபி வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஷூ வைக்கும் அறையில் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். லாரி ஓட்டி இரவெல்லாம் விழித்தவர்கள் வாகன நிறுத்துமிடத்தில் தூங்கிவிட்டுச் சாப்பிட வந்தார்கள். வார நாட்களில் பிள்ளைகள் வேலைக்குப் போனபின் வீட்டில் தனியே இருக்க முடியாத தாத்தா பாட்டிகள் காலையில் வந்து மாலை வரை இங்கேதான் இருக்கிறார்கள். கார் ஓட்டத் தெரியாத, ஆங்கிலம் பேசாத முதியவருக்கு இந்த நாட்டில் போக இன்னொரு இடம் இல்லை. சுவரோர பெஞ்சு உண்மையில் அவர்களுடையது. கோவிலைக் காலியாக விடாமல் காப்பாற்றுகிறவர்களும் அவர்கள்தான்.

நிர்வாகக் குழுத் தேர்தல் நெருங்குகிறது. ஒரு தரப்பு மேசைகளை எடுத்துவிடுவதாகச் சொல்கிறதாம். எனக்கு ஓட்டு இல்லை, கேட்டதும் யாரும் இல்லை. இருந்தாலும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்: பெஞ்சு இருக்கட்டும், மேசை போகட்டும். மேசை வந்ததும் அது தனிக் கூட்டம் ஆகிவிடுகிறது; சேவாதார் குனிய வேண்டியதில்லை, உட்கார்ந்திருப்பவர் பந்தியைப் பார்க்க வேண்டியதில்லை. வெறும் பெஞ்சில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு வரிசையைப் பார்த்து உட்கார்ந்தால் முட்டியும் தப்பும், பந்தியும் கெடாது. இரண்டு கட்சிக்கும் பொதுவான, மிகவும் நியாயமான யோசனை என்று நினைத்துத் தொலைபேசியில் அம்மாவிடம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “மடியில் பருப்பைக் கொட்டிக்கொண்டால் புடவையை நீ துவைப்பாயா?” என்றார்.